படகை மழையில் நனையவிடாதே

பிப்ரவரி 4, ஞாயிறு

மருந்துக் கம்பெனிக்காரன் ஆஸ்பத்திரியில் கொடுத்த டைரி இது. ஒரு மாதமாகச் சும்மா கிடந்தது. இன்றைக்கு எழுத விஷயம் வந்துவிட்டது.

பூசை முடிந்து வந்து காபி கலக்கிக்கொண்டிருந்தேன். ஜோவிட்டா வந்தாள். என் புருஷனின் தங்கை, இரண்டு வீடு தள்ளிக் குடியிருக்கிறாள். மகள் மெர்ளினுக்கு மே மாதம் கல்யாணம் வைத்திருக்கிறாள். அண்ணன் என்னை விட்டுவிட்டு வேளச்சேரிக்காரியோடு போனபோது, அந்தக் குடும்பத்தில் என்னோடு பேச்சை நிறுத்தாத ஒரே ஆள். அதற்காக அவள் சொல்வதையெல்லாம் நான் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்றில்லை.

"மைனி, கோவப்படாதீங்க. மெர்ளின் கல்யாணத்துக்கு அண்ணன் வாரான்."

"தாய்மாமன் வராம இருப்பானா? வரட்டும்."

"அது மட்டுமில்ல... படகையும் எடுத்துட்டுப் போறானாம். மாப்பிள வீட்ல சொல்லிட்டான். எங்கிட்ட அந்தக் காலத்துத் தேக்குப் படகு இருக்கு, பொண்ணு மாப்பிளைய அதுல ஏத்தி வீடியோ எடுக்கலாம்னு."

'எங்கிட்ட' இருக்கிறதாம். படகு எட்டு வருஷமாகக் கிடப்பது என் வீட்டுப் புறவாசலில், என் அப்பா வாங்கிய நிலத்தில், நான் வருஷம் தவறாமல் ஓலை மாற்றும் கொட்டகையில். பேப்பர் அவன் பேரில் இருக்கிறது, அது வேறு விஷயம்.

அவன் போன நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பெட்டியைக் காரில் ஏற்றிவிட்டுக் கேட் வரைக்கும் போனவன் திரும்பினான். ஏதோ சொல்லப்போகிறான் என்று நின்றேன். "படகை மழையில நனையவிடாத" என்றான். இருபத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் அவன் எனக்குச் சொன்ன கடைசி வார்த்தை அது.

சரி. முடிவு எடுத்துவிட்டேன். அந்தப் படகை நானே பழுது பார்த்துப் புதுசாக்கப் போகிறேன். அழுகிக் கிடக்கிற கட்டையை அறுத்தால் அவனுக்கு என்ன வலிக்கும்? அது பளபளவென்று நிற்க வேண்டும். அவன் வந்து பார்த்து வாயைப் பிளக்க வேண்டும். அதன் பிறகு அவன் கண் முன்னாலேயே மோட்டார் வாளை வைத்து நடுவில் இரண்டாக அறுப்பேன்.

எனக்குப் படகு வேலை தெரியாது. எக்ஸ்ரே எடுக்கத்தான் தெரியும். மே மாதத்துக்குள் கற்றுக்கொள்வேன்.

பிப்ரவரி 5

சுரண்டி, உப்புத்தாள், சுத்தியல், உளி. கடைக்காரர் "வீட்ல யாரு வேல பாக்கா?" என்றார். நான் என்றேன். உளியைத் தலைகீழாகப் பிடித்திருந்ததைப் பார்த்துத் திருத்திக் கொடுத்தார். அவமானம்தான். பரவாயில்லை.

பிப்ரவரி 11, ஞாயிறு

பெயின்ட் சுரண்டினேன். நீலம், அதற்குக் கீழே பச்சை, அதற்கும் கீழே வேறொரு நீலம். மாதா திருவிழாவுக்கு முன்னால் ஒவ்வொரு வருஷமும் ஒரு பூச்சுப் பூசுவான். சிநேகிதன்மார் வந்து பார்த்து, "டெரன்ஸு, ராணி மாதிரில்லா வச்சிருக்க!" என்பார்கள். நான் அடுப்படியில் அவர்களுக்குச் சீலா மீன் பொரித்துக்கொண்டிருப்பேன். பொம்பளை ஏறினால் என்ஜின் மக்கர் பண்ணும் என்று ஒரு நாளும் என்னை ஏறவிட்டதில்லை.

இன்றைக்கு ஏறினேன், செருப்புக் காலோடு.

பிப்ரவரி 14

சாம்பல் புதன். நெற்றியில் சாம்பல், அதற்கு மேல் பச்சைப் பெயின்ட் தூள். நோயாளிகள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்கள்.

பிப்ரவரி 25, ஞாயிறு

இன்றைக்கு அடித்தளப் பலகைகளைக் கழற்றினேன். உள்ளே விலா எலும்பு மாதிரி இரண்டு பக்கமும் மரங்கள் வளைந்து ஏறுகின்றன. வங்கு என்கிறார்கள். எனக்கு உடனே புரிந்துபோயிற்று, முப்பது வருஷமாக நான் பார்க்கிற படம்தானே. ஆனால் நடு முதுகு தெரிய வேண்டிய இடத்தில் மரத்தைக் காணோம். சாம்பல் நிறத்தில் கல்லு மாதிரி ஒன்று கெட்டியாகக் கிடந்தது.

சுத்தியலால் தட்டினேன். சிமென்ட்.

என்ஜினைப் பார்க்க வந்திருந்த மாசானத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவன் டீசல் மெக்கானிக். வாய் ஜாஸ்தி, சொன்ன நேரத்துக்கு வரமாட்டான். துறைமுகத்து லாஞ்சுகள் எல்லாம் அவனுக்குப் பழக்கம்.

"இதுவா? படகுல வேலைக்கு நின்ன சூசை அண்ணன் இருந்தவரைக்கும் அவருதான யக்கா எல்லாம் பாத்தாரு. அவரு செத்த பொறவு அடியில தண்ணி வர ஆரம்பிச்சுது. டெரன்ஸ் அண்ணாச்சி ரெண்டு மூட்ட சிமென்ட்ட கரைச்சு ஊத்திட்டாரு. மேல பெயின்ட்ட அடிச்சாச்சு. யாருக்குத் தெரியும்?"

உடைத்து எடுத்தோம். சிமென்ட்டுக்கு அடியில் தேக்குப் பலகை கரும்புச் சக்கையாக இருந்தது, விரலால் அழுத்தினால் உள்ளே போகிறது.

எட்டு வருஷம் நான் இந்தப் படகைப் பார்த்து வயிறெரிந்தேன். என்னை நேசிக்காதவன் இதையாவது நேசித்தான் என்று நம்பினேன். சக்களத்தி என்று நினைத்தேன். கடைசியில் பார்த்தால் இவள் கதையும் என் கதைதான். மேலே பெயின்ட், உள்ளே கேட்பாரில்லை.

பிப்ரவரி 26

அறுக்கிற திட்டம் அவ்வளவுதான். இதை இரண்டாக அறுத்தால் அவனுக்கு ஒரு மயிரும் வலிக்காது. "பைத்தியக்காரி" என்று சொல்லிச் சிரித்துவிட்டுக் கல்யாண விருந்துக்குப் போவான். வேறு யோசிக்க வேண்டும். ஒன்றும் தோன்றவில்லை, எரிச்சல் மட்டும் குறையாமல் இருக்கிறது.

மார்ச் 10, ஞாயிறு

அழுகின பலகைகளை ஆசாரி வந்து மாற்றிவிட்டுப் போய்விட்டார். இடுக்குகளை அடைக்கிற வேலையை நானே செய்கிறேன். இரண்டு பலகைக்கு நடுவில் பஞ்சுத் திரியை வைத்து, உளியால் அடித்து உள்ளே செருகி, மேலே குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிப் பூச வேண்டும். கலப்பத்து என்று பேர். இதமாக அடிக்க வேண்டும் என்று ஆசாரி சொன்னார். எனக்கு இதமாக வரவில்லை. ஒவ்வொரு அடிக்கும் ஒரு காரணம் இருந்தது. என் அம்மா செத்த வீட்டுக்கு வராமல் மீன்பிடிக்கப் போனதற்கு ஒன்று. பிள்ளை இல்லாததற்கு என்னை மட்டும் டாக்டரிடம் அனுப்பியதற்கு ஒன்று, அதற்கே இன்னும் நாலு. பஞ்சு கல்லாக இறங்கிற்று.

கை வீங்கிவிட்டது. தூக்கம் மட்டும் நன்றாக வருகிறது.

மார்ச் 24, குருத்து ஞாயிறு

உப்பளத்து டிராக்டரைப் பிடித்துப் படகைப் பழைய ஜெட்டிக்குக் கொண்டுபோய்த் தண்ணீரில் இறக்கினோம். மாசானம் மாலை போட்டான். நான் ஏறி நின்றேன். ஜோவிட்டா கை தட்டினாள்.

அவள் கை தட்டி முடிக்கவில்லை, தண்ணீர் வந்துவிட்டது. ஒரு இடத்தில் இல்லை, எல்லா இடுக்கிலும். சல்லடையில் ஊற்றினதுபோல உள்ளே பீய்ச்சுகிறது. வீட்டிலிருந்து குழம்புச் சட்டியைக் கொண்டுவரச் சொல்லி இறைத்தேன், இறைத்தேன், இறைத்தேன். இடுப்பளவு தண்ணீரில்தான் இருந்தோம், அதனால் படகு போய்ச் சேற்றில் உட்கார்ந்துகொண்டது. நான் அதற்குள்ளேயே உட்கார்ந்து, ஊரார் பார்க்க, அழுதேன். டெரன்ஸ் அங்கே இல்லாதது ஒன்றுதான் ஆறுதல்.

டிராக்டர்காரர் கையை விரித்துவிட்டார். "பெரிய வாரம் பொறந்தாச்சும்மா. இனி பாஸ்கு கழிச்சுத்தான்."

மார்ச் 29, பெரிய வெள்ளி

இன்றைக்குச் சுத்தியல், ஆணி எதையும் தொடக்கூடாது. படகு அங்கேயே முங்கிக் கிடக்கிறது. போய்ப் பார்க்கவில்லை.

மார்ச் 31, பாஸ்கு ஞாயிறு (ஈஸ்டர்)

பூசை முடிந்து புதுச் சேலையோடே ஜெட்டிக்குப் போனேன். டிராக்டர் வருவதற்குள் தண்ணீரை இறைத்து வைக்கலாம் என்று கைப்பம்பைப் போட்டேன். இறைத்து முடித்து, மறுபடி நிறையும் என்று காத்திருந்தேன். நிறையவில்லை. பலகையைத் தொட்டுப் பார்த்தேன். ஈரம் இருக்கிறது, ஒழுகலைக் காணோம். படகு தண்ணீர்மேல் சமர்த்தாக மிதந்துகொண்டிருந்தது. நான் சிரித்த சிரிப்பில் கொக்கு பறந்துவிட்டது.

ஏப்ரல் 1

மாசானம் வந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான்.

"மரம் தண்ணி குடிச்சிருச்சு யக்கா! காஞ்ச படகுல்லா, மொத நாள் ஒழுகத்தான் செய்யும். ரெண்டு மூணு நாள் தண்ணில போட்டா பலக ஊறி, தானா அடச்சிக்கிடும். சூசை அண்ணன் இப்படித்தான் போட்டு வைப்பாரு."

"இத அன்னைக்கே சொல்லித் தொலைச்சா என்ன? ஊரு பாக்க அழுதேன்."

"எனக்கே இப்பதான் ஞாபகம் வருது. நான் என்ஜின்காரன் யக்கா, மரத்தப் பத்தி எனக்கென்ன தெரியும்?"

"அவருக்குத் தெரியுமா?"

"அண்ணாச்சிக்கா? சூசை ஊறப்போட்டு, எறச்சு, தொடச்சு எல்லாம் ரெடி பண்ணின பொறவுதான கூலிங் கிளாஸ மாட்டிக்கிட்டு வருவாரு. ஒழுகுறத அவரு கண்ணால பாத்தது சூசை செத்த பொறவுதான். பாத்ததும் சிமென்ட்."

ஒரு கெட்ட சேதியும் உண்டு. நான் வெறியில் அடித்த பஞ்சு, மரம் ஊறி விரிய இடம் விடவில்லை. ஒரு வங்கு விரிசல் விட்டிருக்கிறது. மயிரிழைக் கோடு. ஆஸ்பத்திரியில் இப்படி ஒன்றைப் பார்த்தால் 'கீழே விழுந்தாயா, யாராவது அடித்தார்களா?' என்று கேட்போம்.

ஏப்ரல் 7, ஞாயிறு

விரிசல் விட்ட வங்குக்கு இப்போதைக்குக் கட்டுப்போட்டு ஓட்டிப் பார்த்தோம். நான் சுக்கானைப் பிடித்தேன். முயல் தீவு வரைக்கும் போய்த் திரும்பினோம். வழியெல்லாம் வெயிலும் உப்புக்காற்றும்தான். பொம்பளை ஏறினால் மக்கர் பண்ணும் என்ற என்ஜின் ஒரு தடவைகூட இருமவில்லை. அவன் இருபத்திரண்டு வருஷம் இதை என்னிடமிருந்து ஒளித்து வைத்திருந்தான். அதை நினைத்ததும் சந்தோஷம் பாதியில் கசந்துவிட்டது.

இதை அவனுக்குக் கொடுக்கப்போவதில்லை.

ஏப்ரல் 15

படகைக் கரையேற்றிக் கொட்டகைக்குக் கொண்டுவந்தாயிற்று. உடைந்த வங்குக்குப் பக்கத்திலேயே புது வங்கு ஒன்றை ஆசாரி சேர்த்துப் பிணைத்தார். கலப்பத்தை நானே பிடுங்கி, இந்தத் தடவை இதமாக அடித்தேன். இனி வார்னிஷ்.

மே 4

கத்திரி வெயில் தொடங்கிவிட்டது. கொட்டகைக்கு மேலே போட்டிருந்த ஓலையை எடுத்துவிட்டேன். வார்னிஷ் காயக் காற்றோட்டம் வேண்டும்.

மே 12, ஞாயிறு

ஜோவிட்டா கேட்டாள்: "மைனி, ஏன் இப்படி வெயில்ல போட்டிருக்கீங்க? நிறம் போயிராதா?"

"வெயில் நல்லது."

"அண்ணன் மழையில நனையவிடாதன்னு சொன்னான்லா. வெயில்ல காயவிடாதன்னு சொல்லலியே, இல்ல?" என்று சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. அவளுக்கு நுங்கு கொடுத்தேன்.

மே 19

பலகை இடுக்கில் என் நகம் நுழைகிறது. வார்னிஷ் கண்ணாடி மாதிரி வந்திருக்கிறது. மாசானம், கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னாலேயே தண்ணீரில் இறக்கிவிட வேண்டும் என்றான். ஆகட்டும் என்றேன். எனக்கு ஆஸ்பத்திரியில் வேலை அதிகம்.

மே 25, சனி

வந்தான்.

தலைக்கு மை, வயிறு முன்னால் வந்திருக்கிறது. வேளச்சேரிக்காரியைக் கூட்டிக்கொண்டு வரக்கூடாது என்று ஜோவிட்டா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். மாப்பிள்ளையின் அப்பா பர்னபாஸைக் கூட்டிக்கொண்டு நேராகப் புறவாசலுக்கு வந்தான். எப்படி இருக்கிறாய் என்று ஒரு வார்த்தை இல்லை. டைரியில் அவன் இவன் என்று எழுதினாலும் எதிரே நின்றால் வாயில் 'நீங்க' என்றுதான் வருகிறது. அந்தப் பழக்கத்தின்மேலும் எனக்குக் கோபம்.

படகைப் பார்த்ததும் நின்றான். நான் ஆசைப்பட்டபடியே வாயைப் பிளந்தான்.

"பரவாயில்லயே! எந்த ஆசாரி பண்ணினது?"

"நான்தான் பண்ணினேன். பலகையும் வங்கும் மட்டும் ஆசாரி."

"சும்மா கத விடாத." பர்னபாஸ் பக்கம் திரும்பினான். "அஸ்திவாரம் நான் போட்டது சம்பந்தி. அடிய நல்லா ஸ்ட்ராங்கா பண்ணி வச்சிருந்தேன். அதனாலதான் இத்தன வருஷம் நின்னுருக்கு. இவ மேல ரெண்டு பூச்சுப் பூசிருப்பா."

சிமென்ட்டை உடைத்த சுத்தியல் அவன் காலடியில்தான் கிடந்தது. அதை எடுத்திருப்பேன். எடுக்கவில்லை.

"கல்யாணம் முடிஞ்சதும் லாரி வச்சு ஏத்திருவேன். பேப்பர் எம் பேர்லதான இருக்கு" என்றான்.

"எடுத்துக்கோங்க" என்றேன். "ஒரே ஒரு கண்டிசன். வீடியோ எடுக்கப்போற அன்னைக்கு, பிள்ளைங்க ஏறுறதுக்கு முன்னால, நீங்களும் நானும் முயல் தீவுக்குப் போயிட்டு வரணும். போயிட்டுத் திரும்பினா சாவி உங்களுக்கு. நடுவுல இறங்கிட்டா படகு எனக்கு, பேப்பரும் எனக்கு. சம்பந்தி சாட்சி."

"நான் என்னத்துக்கு நடுவுல இறங்கப்போறேன்? கூறுகெட்டவளே" என்று சிரித்தான். பர்னபாஸும் சிரித்து, "சரிம்மா, நான் சாட்சி" என்றார்.

மே 27, திங்கள்

காலையிலேயே டிராக்டர் வந்துவிட்டது. ஜெட்டியில் மெர்ளினும் மாப்பிள்ளையும் பட்டும் கோட்டுமாக நின்றார்கள். பர்னபாஸ், ஜோவிட்டா, சொந்தக்காரர்கள், வீடியோக்காரர் இரண்டு பேர். ட்ரோன் ஒன்று தலைக்கு மேலே குளவி மாதிரிச் சத்தம் போட்டது.

டெரன்ஸ் வெள்ளைப் பேன்ட், வெள்ளை ஷூ, கூலிங் கிளாஸ். முன் சீட்டில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து ட்ரோனுக்குக் கை காட்டினான். நான் என்ஜினைப் போட்டேன். அலை அடங்கிக் கிடந்தது. ஜெட்டியை விட்டு விலகி, ஓரமாகச் சேற்றுத் திட்டை ஒட்டியே ஓட்டினேன். அங்கே தண்ணீர் இடுப்புக்கு மேல் வராது. அதை நான் முந்தின நாளே கழியை விட்டுப் பார்த்திருந்தேன்.

முதலில் அவன் ஷூவுக்கடியில் நனைந்தது. காலை எடுத்து வேறு இடத்தில் வைத்தான். அங்கேயும் தண்ணீர். குனிந்து பார்த்தான். இரண்டு பக்கப் பலகை இடுக்குகளிலும் நூல் நூலாகத் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தது.

"தண்ணி வருது!"

"வரும்" என்றேன். ஒரு கையில் சுக்கான், மறு கையில் பம்பு. இந்தத் தடவை குழம்புச் சட்டி இல்லை, பெரிய பம்பாகவே வாங்கி வைத்திருந்தேன். வருகிற தண்ணீருக்கு அது போதும்.

அவன் எழுந்து நின்றுவிட்டான். படகு ஆடியது. "ஏல, முங்குது! யாராவது வாங்கலே! ஏல பர்னபாஸு! தம்பி, அந்த வள்ளத்தக் கொண்டா!" கரையைப் பார்த்துக் கையை ஆட்டினான், அந்தப் பக்கம் வலை காயப்போட்டவர்களைக் கூப்பிட்டான், ட்ரோனைப் பார்த்துக்கூடக் கத்தினான். தண்ணீர் கணுக்காலுக்கு வந்ததும் மாதாவைக் கூப்பிட்டான். அப்புறம் குதித்துவிட்டான்.

தண்ணீர் இடுப்பளவு. அதற்கடியில் சேறு முழங்கால் அளவு. எழுந்திருக்க முயன்று முகங்குப்புற விழுந்தான். எழுந்தபோது கூலிங் கிளாஸ் இல்லை, ஒரு ஷூ இல்லை, தலையிலிருந்த மை காது ஓரமாக ஒழுகிற்று. வெள்ளைப் பேன்ட் இருந்த இடம் தெரியவில்லை.

நான் ஒரு வட்டம் போட்டு, அவனைச் சுற்றி ஓட்டி, மெதுவாக ஜெட்டிக்குத் திரும்பினேன். எனக்கு அது எவ்வளவு பிடித்திருந்தது என்று எழுத வார்த்தை போதாது. ஜெட்டியில் முதலில் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கியது கல்யாணப் பெண்தான்.

மே 28

அவன் ஊரெல்லாம், நான் கொல்லப் பார்த்தேன் என்று சொல்லிக்கொண்டு திரிகிறானாம். நிரூபிக்க வீடியோவைக் காட்டுகிறானாம். வீடியோவைப் பார்க்கிறவர்கள் சிரிக்கிறார்களாம். பர்னபாஸ் சொல்லியனுப்பிவிட்டார்: "பந்தயம் பந்தயம்தான். பேப்பர மாத்திக் குடுக்காம அவரு ஊரு திரும்ப மாட்டாரு."

மே 29, புதன்

கல்யாணம். மெர்ளின் அழகாக இருந்தாள். அவன் இரவல் செருப்பு போட்டுக்கொண்டு, கோயிலில் என்னைப் பார்க்காமல் தூணுக்கு அந்தப் பக்கம் நின்றான். பிரியாணி நன்றாக இருந்தது, இரண்டு தடவை வாங்கினேன்.

மே 31, வெள்ளி

பலகை ஊறிவிட்டது. படகுக்குள் தரை காய்ந்து கிடக்கிறது. புதுப்பெண்ணையும் மாப்பிள்ளையையும் முயல் தீவு வரைக்கும் கூட்டிக்கொண்டு போய் வந்தேன். வீடியோக்காரரும் வந்தார். ஜோவிட்டா ஏறப் பயந்தாள், பிறகு ஏறினாள், பிறகு இறங்க மாட்டேன் என்றாள்.

திரும்பி வரும்போது என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து மெதுவாகக் கேட்டாள்: "மைனி, நெசத்தச் சொல்லுங்க. தண்ணி வரும்னு ஒங்களுக்குத் தெரியும்தான?"

"தெரியும்."

"முங்காதுன்னும் தெரியும்தான?"

"தெரியும்."

"அப்ப அண்ணன்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா?"

என்ஜின் சத்தத்தில் கேட்காததுபோல இருந்துவிட்டேன். பதிலை இங்கே எழுதுகிறேன்.

நான்தான் படகை வேண்டுமென்று வெயிலில் போட்டேன். நான்தான் ஊறப்போடாமல் இறக்கினேன். அவன் அலற வேண்டும் என்று ஒரு மாதமாக ஆசைப்பட்டேன். அலறினான். கரையில் நின்றவர்களைக் கூப்பிட்டான், வலைக்காரர்களைக் கூப்பிட்டான், மாதாவைக் கூப்பிட்டான். படகை ஓட்டிக்கொண்டிருந்த நான் கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் உட்கார்ந்திருந்தேன். என் முகத்தைப் பார்த்து, "முங்குமா ஹில்டா?" என்று அவன் கேட்கவே இல்லை.

கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். "முங்காது, உட்காருங்க" என்று சொல்லி, தீவு வரை கூட்டிக்கொண்டு போய்த் திரும்பி, சாவியையும் கையில் கொடுத்திருப்பேன். இவ்வளவு செய்துவிட்டு, அந்த ஒரு கேள்விக்கு எல்லாவற்றையும் கொடுத்திருப்பேன். அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் உடம்பெல்லாம் எரிகிறது.